கானுவின் கால்பந்து வாழ்க்கையை அந்த அறுவை சிகிச்சை கெடுத்ததா?

கேள்வி: 2024 பிப்ரவரி 24

பதினெட்டு வயதில் நெதர்லாந்தின் அயாக்ஸ் கிளப்போடு ஐரோப்பிய சாம்பியன். இருபதில் ஒலிம்பிக் தங்கம், ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர் விருது. அதே ஆண்டில் இதய அறுவை சிகிச்சை. அதன்பிறகு பாதிக் காலம் பெஞ்சில். நைஜீரியாவின் நுவாங்க்வோ கானுவுக்கு அந்த அறுவை மட்டும் நேராமல் இருந்தால் உலகின் முதல் மூன்று ஸ்டிரைக்கர்களில் ஒருவராக இருந்திருப்பார். வீணாகிப்போன திறமை என்பது என் கருத்து. மாற்றுக் கருத்து யாருக்காவது உண்டா?

2024 பிப்ரவரி 24, இரவு 11.10

எனக்கு உண்டு.

அறுவை நடந்தது 1996 நவம்பரில், அமெரிக்காவின் கிளீவ்லாந்தில். அதற்கப்புறம் பதினைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆடியிருக்கிறார். இன்டர் மிலானோடு யூஈஎஃப்ஏ கோப்பை, ஆர்செனலோடு இரண்டு லீக் பட்டம், இரண்டு எஃப்ஏ கோப்பை (இங்கிலாந்துக் கிளப்புகளின் நாக்அவுட் கோப்பை), போர்ட்ஸ்மவுத்தோடு இன்னொரு எஃப்ஏ கோப்பை, நைஜீரியாவுக்காக மூன்று உலகக் கோப்பை. 1999இல் மறுபடியும் ஆப்பிரிக்காவின் சிறந்த வீரர். இதையெல்லாம் ஒருவர் முழு ஆரோக்கியத்தோடு செய்திருந்தால் 'வீண்' என்ற சொல் உங்கள் வாயில் வந்திருக்குமா?

இன்னொன்று. தோல்வியடையாமல் ஒரு லீக் பருவம் முழுவதையும் முடிப்பது எவ்வளவு அபூர்வம் என்று உங்களுக்குத் தெரியும். கானு அதை இரண்டு நாடுகளில் பார்த்தவர். 1994-95இல் அயாக்ஸ், 2003-04இல் ஆர்செனல். ஒன்று அறுவைக்கு முன், மற்றது பின்.

1995இல் வியன்னாவில் ஏசி மிலானுக்கு எதிரான ஐரோப்பிய இறுதியாட்டத்தில் லிட்மனனுக்குப் பதிலாக இறங்கியதிலிருந்து, 1996 அட்லாண்டாவில் பிரேசிலை வீழ்த்திய அந்த இரண்டு கோல் வரை முதல் பாகம் பிரமாதம்தான். ஆனால் இரண்டாம் பாகத்தை இழப்பின் கதையாகச் சொல்வது எனக்குப் பொறுக்கவில்லை. காரணம் சொந்தக் காரணம். நாளைக்கு எழுதுகிறேன்.

2024 பிப்ரவரி 25, காலை 7.30

நேற்று ஞாபகத்திலிருந்து எழுதியதில் இரண்டு தப்பு. வியன்னாவில் கானு இறங்கியது சீடார்ஃபுக்குப் பதிலாக. லிட்மனனுக்குப் பதிலாக இறங்கியவர் க்ளைவர்ட், 85வது நிமிடத்தில் ஆட்டத்தின் ஒரே கோலை அடித்தவரும் அவர்தான்.

பிரேசிலை வென்ற அரையிறுதி நடந்தது அட்லாண்டா நகரில் இல்லை. ஜார்ஜியா மாநிலத்தில் ஏதென்ஸ் என்று ஒரு கல்லூரி ஊர் இருக்கிறது. அங்கே சான்ஃபோர்ட் ஸ்டேடியம். மூன்று நாள் கழித்து அர்ஜென்டினாவை 3-2 என்று வென்ற இறுதியாட்டமும் அங்கேதான்.

2024 பிப்ரவரி 25, இரவு 9.45

சரி, சொன்னபடி.

1996 ஜூலை 31. பிரேசில் அணியில் ரொனால்டோ, பெபெட்டோ, ரிவால்டோ, ராபர்ட்டோ கார்லோஸ், கோலில் டிடா. இடைவேளையில் பிரேசில் 3-1. இரண்டாம் பாதியில் நைஜீரியாவின் ஒகோச்சா ஒரு பெனால்டியையும் தவறவிட்டார். 78வது நிமிடத்தில் இக்பெபா ஒன்று அடித்து 3-2 ஆக்குகிறார். ஆட்டம் முடிகிற நேரத்தில் கோலுக்கு முதுகைக் காட்டி நிற்கும் கானுவின் காலடிக்குப் பந்து வருகிறது. அப்படியே மேலே தட்டி எழுப்பி, திரும்பி, டிடாவைத் தாண்டி உள்ளே போடுகிறார். அந்த நெரிசலில் வேறு யாராக இருந்தாலும் கண்ணை மூடிக்கொண்டு ஓங்கி உதைத்திருப்பார்கள். கூடுதல் நேரம் தொடங்கி நான்காவது நிமிடத்தில் கோல்டன் கோல், அதாவது விழுந்ததும் ஆட்டமே முடிந்துவிடும் கோல், அதுவும் கானு. 4-3.

நான் திரும்பத் திரும்ப நினைப்பது இதை: அந்த ஆட்டம் முழுவதையும் ஜார்ஜியாவின் ஜூலை வெயிலில் அவர் பழுதான வால்வோடு ஆடியிருக்கிறார். அவருக்கும் தெரியாது, அணிக்கும் தெரியாது. அயாக்ஸில் மூன்று பருவம் ஆடியபோதும் யாருக்கும் தெரியாது. அந்தக் கோடையில் இன்டர் மிலான் அவரை வாங்கி, வழக்கமான மருத்துவப் பரிசோதனைக்கு உட்படுத்தியபோதுதான் பெருந்தமனி வால்வில் கோளாறு என்று தெரிந்தது. கழுத்தில் தங்கப் பதக்கம் விழுந்து சில வாரங்கள்கூட ஆகவில்லை. இனி கால்பந்தே கிடையாது என்று செய்தி பரவியது.

பெருந்தமனி வால்வு என்பது இதயத்தின் இடது கீழறையிலிருந்து உடம்புக்கு ரத்தம் போகும் வாசலின் கதவு. அது சரியாக மூடாவிட்டால் வெளியே போன ரத்தத்தில் ஒரு பகுதி திரும்பி உள்ளே வரும். அதையும் சேர்த்துத் தள்ள வேண்டியிருப்பதால் கீழறை விரிந்துகொண்டே போகும். இளம் வயதில், நன்றாக ஓடுகிற உடம்பில், இது வருஷக்கணக்கில் வெளியே தெரியாது. தெரியாமல் இருப்பதுதான் இதன் பயங்கரம்.

எனக்கு எப்படித் தெரியும் என்றால், என் தங்கை. சிறுவயதில் மூட்டுவலியோடு வந்த காய்ச்சல் அவளுடைய வால்வைக் கெடுத்துவிட்டுப் போயிருக்கிறது. மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று இரண்டு வருஷம் சொன்னாள். ஒரு டாக்டர் ரத்தசோகை என்று இரும்புச்சத்து மாத்திரை கொடுத்துக்கொண்டே இருந்தார். நாங்களும் வாங்கிக் கொடுத்துக்கொண்டே இருந்தோம். கடைசியில் வேலைக்குச் சேர எடுத்த உடல்தகுதிச் சோதனையில், வயதான ஒரு டாக்டர் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துவிட்டு ஒரு நிமிடம் எடுக்காமல் நின்றார். அன்று சாயங்காலமே எக்கோ, அதாவது இதய ஸ்கேன். அடுத்த மாதம் அறுவை. அந்த வேலை அவளுக்குக் கிடைக்கவில்லை. வேலை போய்விட்டதே என்று வீட்டில் அழுதவர்களில் நானும் ஒருவன். இப்போது அவளுக்கு நாற்பத்தொரு வயது.

அதனால் 'அந்தப் பரிசோதனை அவர் வாழ்க்கையைக் கெடுத்தது' என்ற தொனியில் யாராவது எழுதினால் எனக்குக் கோபம் வருகிறது. உங்கள் மேல் தனிப்பட்ட கோபம் இல்லை.

2024 பிப்ரவரி 25, இரவு 11.50

தூக்கம் வரவில்லை, ஒன்றைச் சேர்த்துவிடுகிறேன். தங்கைக்கு வைத்தது உலோக வால்வு. இரவில் வீடு அடங்கிய பிறகு பக்கத்தில் படுத்தால் கடிகாரம் மாதிரி டிக் டிக் என்று கேட்கும். உலோக வால்வு என்றால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுள் முழுக்க மாத்திரை, ரத்தம் உறையும் வேகத்தைப் பார்க்க மாதாமாதம் ஐஎன்ஆர் டெஸ்ட், கீரை சாப்பிடுவதில்கூட ஒரு கணக்கு. காய்கறி நறுக்கும்போது விரலில் பட்டாலே பயப்பட வேண்டும். மோதிக்கொண்டு விழுகிற கால்பந்தை அந்த மாத்திரையோடு ஆடுவதை எந்த டாக்டரும் சம்மதிக்க மாட்டார். ஆகவே விளையாட்டு வீரர்களின் வால்வைத் தொடும்போது எந்த வழியில் சரிசெய்வது என்பதே பெரிய முடிவு. கானு அறுவை முடிந்து ஐந்து மாதத்தில், 1997 ஏப்ரலில், இன்டருக்குத் திரும்பியிருக்கிறார். முதல்முறை படித்தபோது எனக்கு நம்பவே முடியவில்லை.

2024 பிப்ரவரி 28

கேள்வி கேட்டவர் நிதானமாகப் பதில் எழுதியிருக்கிறார், நன்றி. "உயிர் பிழைத்தது பெரிது என்பதை ஒப்புக்கொள்கிறேன். நான் கேட்டது ஆட்டத்தைப் பற்றி" என்கிறார். நியாயம். ஆட்டத்துக்கே வருகிறேன்.

அயாக்ஸில் லீக் ஆட்டங்கள் 54, கோல்கள் 25. கடைசிப் பருவத்தில் 30 ஆட்டத்தில் 13. இன்டரில் இரண்டரை ஆண்டில் லீக் கோல் ஒன்றே ஒன்று. இந்த இரண்டு வரியை மட்டும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் நீங்கள் சொல்வது சரி என்றுதான் தோன்றும். இரண்டு நாளாக எனக்கும் அப்படித் தோன்றிக்கொண்டிருந்தது. ஆனால் அப்போது இன்டரின் முன்வரிசையில் யார் இருந்தார்கள் என்று பாருங்கள். 1997இல் பிரேசிலின் ரொனால்டோ வந்துவிட்டார். ஸமொரானோ, ஜோர்கேஃப், ரெகோபா எல்லாரும் அங்கேதான். உடம்பு முழுசாக இருக்கும் ஆளுக்கே அந்த அணியில் இடம் கிடைப்பது சந்தேகம்.

பிறகு 1999 தொடக்கத்தில் சுமார் 40 லட்சம் பவுண்டுக்கு ஆர்செனல் வாங்கியது. அடுத்த முழுப் பருவத்தில், 1999-2000இல், எல்லாப் போட்டிகளிலும் சேர்த்து 17 கோல். அயாக்ஸின் எந்தப் பருவத்துக்கும் குறைந்ததில்லை. அதே பருவத்தில்தான் ஸ்பெயினின் டிபோர்டிவோ கோல்கீப்பர் சோங்கோவைப் பந்தைத் தொடாமலே ஏமாற்றி உட்கார வைத்த கோல். அதே பருவத்தில்தான் செல்சிக்கு எதிரான ஹாட்ரிக். அறுவை முடிந்து மூன்று ஆண்டு கழித்து!

பிறகு ஏன் பெஞ்ச்? ஹென்றி. பெர்க்காம்ப். வில்டோர். ஹென்றி ஸ்டிரைக்கராக நிலைத்த பிறகு ஆர்செனலின் ஆட்டமே வேகத்தின் மேல் கட்டப்பட்டது. கானு வேகத்துக்குப் பிறந்தவர் இல்லை. ஆறரை அடிக்குச் சற்றுக் குறைந்த உயரம், பெயர்போன பெரிய பாதங்கள். பந்தை வாங்கி, ஒரு நொடி தாமதித்து, எதிராளி தப்பான பக்கம் சாய்ந்த பிறகு நகர்கிறவர். அயாக்ஸிலும் அப்படித்தான் ஆடினார். பதினேழு வயதுக்கு உட்பட்டோருக்கான உலகப் போட்டியை 1993இல் ஜப்பானில் நைஜீரியா வென்றபோதே அவர் ஆட்டம் அதுதான். வால்வு அவரை மெதுவாக்கியது என்று சொல்கிறவர்கள் அறுவைக்கு முந்தைய வீடியோவைப் போட்டுப் பார்க்க வேண்டும்.

2024 மார்ச் 2

ஒருவர் கேட்டிருக்கிறார்: "கானு என்றால் ஷெஃபீல்ட் யுனைடெட் ஏமாற்று வேலைதானே எனக்கு ஞாபகம்?"

ஏமாற்று வேலை என்று சொல்லாதீர்கள். நடந்ததைச் சொல்கிறேன். 1999 பிப்ரவரி 13, எஃப்ஏ கோப்பை ஐந்தாம் சுற்று, ஆர்செனலின் ஹைபரி மைதானம். ஆர்செனல் சட்டையில் கானுவுக்கு அதுதான் முதல் ஆட்டம், மாற்று ஆட்டக்காரராக இறங்கியிருக்கிறார். ஸ்கோர் 1-1. ஷெஃபீல்ட் வீரர் ஒருவர் அடிபட்டுக் கிடக்க, அவர்களுடைய கோல்கீப்பரே பந்தை வெளியே உதைத்தார். இப்படி வெளியே போன பந்தை எதிரணி திருப்பிக் கொடுத்துவிடுவது வழக்கம். ஆர்செனலின் பார்லர் அப்படித்தான் ஷெஃபீல்ட் பக்கம் த்ரோ போட்டார். கானு ஓடிப்போய் அதைப் பிடித்து, ஓரமாகக் கொண்டுபோய், நடுவே தள்ள, சக வீரர் ஓவர்மார்ஸ் கோலாக்கிவிட்டார். 2-1. விதிப்படி செல்லும்.

ஷெஃபீல்ட் மேனேஜர் ஸ்டீவ் புரூஸ் தன் ஆட்களை வெளியே வரச்சொல்லிக் கூப்பிடுகிற அளவுக்குப் போனது. ஆட்டம் முடிந்ததும் ஆர்செனல் மேனேஜர் ஆர்சன் வெங்கர் தாமாகவே முன்வந்து, மறுபடி ஆடலாம் என்றார். பத்து நாள் கழித்து ஆடினார்கள், மறுபடியும் 2-1, ஆர்செனல்தான்.

அந்த ஒரு நொடியில் கானுவின் முகத்தைப் பாருங்கள். அவருக்கு என்ன நடக்கிறது என்றே தெரியாது. இரண்டு வருஷமாக ஆட்டமே சரியாகக் கிடைக்காமல் இருந்த ஒருவன், புது ஊர், புதுச் சட்டை, முதல் நாள், காலடியில் பந்து. ஓடினான். நான் அவனாக இருந்தாலும் ஓடியிருப்பேன்.

2024 மார்ச் 3

நேற்று தேதியை எழுதும்போது ஏதோ உறுத்தியது. இப்போது பிடிபட்டது. சரியாக ஓராண்டு கழித்து, 2000 பிப்ரவரி 13 அன்று, லாகோஸில் ஆப்பிரிக்க நாடுகள் கோப்பை இறுதியாட்டம். நைஜீரியா, கேமரூன். 2-2இல் முடிந்து பெனால்டிக்குப் போனது. கானு அடித்தது தடுக்கப்பட்டது. இக்பெபா அடித்த பந்து குறுக்குக் கம்பத்தில் பட்டுக் கோட்டுக்கு உள்ளே விழுந்து வெளியே வந்தது, நடுவர் கோல் கொடுக்கவில்லை. கேமரூன் வென்றது. லாகோஸில் இன்றும் இக்பெபாவின் அந்தப் பந்தைப் பற்றித்தான் பேசுவார்கள். கானு தவறவிட்டதை யாரும் எடுப்பதில்லை. நான் அங்கே இருந்த ஏழு வருஷத்தில் ஒருமுறைகூடக் கேட்டதில்லை.

அந்த ஆட்டம் நடந்த சுருலேரே தேசிய ஸ்டேடியத்துக்கு இன்னொரு கதையும் உண்டு. 1989 ஆகஸ்ட் 12, உலகக் கோப்பைத் தகுதிச் சுற்று, அங்கோலாவுக்கு எதிராக. நைஜீரியாவின் நடுக்கள வீரர் சாமுவேல் ஒக்வராஜி ஆட்டத்தின் கடைசிக் கட்டத்தில் மைதானத்திலேயே சுருண்டு விழுந்தார். பிழைக்கவில்லை. வயது 25. சட்டம் படித்தவர், ஐரோப்பாவில் ஆடிக்கொண்டிருந்தவர். இதயம் பெரிதாகிச் செயலிழந்திருந்தது பிறகுதான் தெரிந்தது. அன்று கானுவுக்குப் பதின்மூன்று வயது.

ஏழு வருஷம் கழித்து மிலானில் ஒரு டாக்டர் கானுவின் எக்கோவைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, நைஜீரியர்கள் எல்லாருக்கும் ஒக்வராஜியின் முகம்தான் நினைவுக்கு வந்திருக்கும்.

2024 மார்ச் 9

ஏழு வருஷமா, லாகோஸில் என்ன செய்தாய் என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். 2004 முதல் 2011 வரை இக்கேஜா பக்கம் ஒரு பிளாஸ்டிக் குழாய்த் தொழிற்சாலையில் வேலை. அங்கேதான் எனக்குக் கானு பற்றிய பாதி ஞானமும் வந்தது. சொல்லிக் கொடுத்தவர் எங்கள் ஸ்டோர்கீப்பர். இக்போ இனத்தவர், கானு பிறந்த ஓவெரி ஊர்க்காரர். என்னை 'ஓகா' என்றுதான் கூப்பிடுவார். அங்கே மேலதிகாரியை எல்லாரும் அப்படித்தான் கூப்பிடுவார்கள். வயதில் என்னைவிடப் பன்னிரண்டு வருஷம் மூத்தவர். வேண்டாம் என்று எத்தனை தடவை சொன்னாலும் விடமாட்டார்.

2008 மே 17, சனிக்கிழமை. போர்ட்ஸ்மவுத், கார்டிஃப் சிட்டி, எஃப்ஏ கோப்பை இறுதி. அவர்தான் என்னை வியூயிங் சென்டருக்கு இழுத்துப் போனார். தகரக் கூரை, பெஞ்சுகள், முன்னால் இரண்டு டிவி, பின்னால் ஜெனரேட்டர். வாசலில் காசு வாங்கிக்கொண்டு உள்ளே விடுவார்கள். கரன்ட் போனால் 'நெப்பா' என்று மின்வாரியத்தின் பெயரைச் சொல்லித் திட்டு, வந்தால் 'அப் நெப்பா!' என்று குழந்தை முதல் கிழவர் வரை கத்தல். அன்று ஜெனரேட்டர் போட்டே தொடங்கிவிட்டார்கள். மத்தியானம் மூன்று மணி. அந்த மாதத்தில் லண்டனுக்கும் லாகோஸுக்கும் ஒரே மணி.

கூட்டத்தில் முக்கால்வாசிப் பேர் ஆர்செனல் சட்டை, அதிலும் பலருடைய முதுகில் 25, கானு. அவர் ஆர்செனலை விட்டு நான்கு வருஷம் ஆகியிருந்தது. அன்று எல்லாரும் போர்ட்ஸ்மவுத் ரசிகர்கள். அரையிறுதியில் தன் பழைய அணி வெஸ்ட் பிராமுக்கு எதிராக ஒரே கோலை அடித்து, போர்ட்ஸ்மவுத்தை இறுதியாட்டத்துக்குக் கூட்டி வந்ததும் கானுதானே.

முதல் பாதியில் கோல்கீப்பரைத் தாண்டிப் போய்விட்டார், கோல் திறந்து கிடக்கிறது, பந்து கம்பத்தில் பட்டது. சென்டரே தலையில் கையை வைத்துக்கொண்டது. ஸ்டோர்கீப்பர் மட்டும், "அவன் இப்படித்தான் ஓகா, கஷ்டமானதை அடிப்பான், சுலபமானதை விடுவான்" என்றார். சொல்லி அதிக நேரம் ஆகவில்லை. 37வது நிமிடம். உட்டாகா வலப்புறத்திலிருந்து நடுவே அனுப்புகிறார், அவரும் நைஜீரியர். கார்டிஃப் கோல்கீப்பர் பந்தைக் கையிலிருந்து நழுவவிட, கானு காலை நீட்டி உள்ளே தள்ளினார். அவ்வளவுதான். அழகான கோல் என்று யாரும் சொல்ல முடியாது. அந்தத் தகரக் கொட்டகை அதிர்ந்ததை நான் இதுவரை வேறெங்கும் கேட்டதில்லை. ஒருவர் ஓடிப்போய் ஜெனரேட்டரைக் கட்டிக்கொண்டார், அது அணைந்துவிடக் கூடாது என்று.

1-0. போர்ட்ஸ்மவுத்துக்கு 1939க்குப் பிறகு முதல் எஃப்ஏ கோப்பை. கானுவுக்கு வயது 31.

வெளியே வந்து சூயா (மசாலா தடவிச் சுட்ட இறைச்சி) வாங்கித் தின்றுகொண்டு நடந்தோம். அவர் ஒன்று சொன்னார். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் மிலானிலிருந்து செய்தி வந்த நாளில், ஓவெரியில் அவருடைய அம்மா வீட்டில் சமைக்கவில்லையாம். கானு அவர்களுக்கு உறவுகூடக் கிடையாது. "எங்கள் ஊர்ப் பையனுக்கு ஒக்வராஜி மாதிரி ஆகிவிடும் என்று பயந்தோம்" என்றார். எனக்குத் தங்கை ஞாபகம் வந்துவிட்டது. அன்றுதான் அவளைப் பற்றி அவரிடம் முதன்முதலாகச் சொன்னேன். மறுநாள் முதல், "ஓகா, தங்கை நலமா" என்று கேட்காமல் அவர் ஸ்டோரைத் திறந்ததில்லை.

2024 மார்ச் 10

பெயரைப் பற்றிக் கேட்டவருக்கு. நுவாங்க்வோ என்பது அவர் பெயர், கானு குடும்பப் பெயர். நைஜீரியப் பத்திரிகைகளில் 'கானு நுவாங்க்வோ' என்று திருப்பியும் போடுவார்கள், இரண்டும் ஒரே ஆள்தான். இக்போ மக்களுக்கு வாரம் நான்கு நாள்: ஏகே, ஓரியே, அஃபோ, ங்க்வோ. நாலும் சந்தை நாட்களின் பெயர்கள். ங்க்வோ சந்தை நாளில் பிறந்த பிள்ளை நுவாங்க்வோ. செல்லப் பெயர் பாபிலோ.

அவருடைய தம்பி கிறிஸ்டோபர் கானுவும் அயாக்ஸில் இருந்தவர். அவரைப் பற்றிச் சொல்ல எனக்கு அதிகம் தெரியாது, விட்டுவிடுகிறேன்.

2024 மார்ச் 16

வெஸ்ட் பிராம் காலத்தை நான் வேண்டுமென்றே தவிர்க்கிறேன் என்று ஒருவர். இல்லை. 2004 நவம்பரில் மிடில்ஸ்பரோவுக்கு எதிராகக் கோல் கோட்டுக்கு ஓரடி முன்னால் நின்று கம்பத்துக்கு மேலே தூக்கி அடித்தாரே, அதைப் பார்த்திருக்கிறேன். என் ஸ்டோர்கீப்பர் சொன்ன வாக்கியத்துக்கு அதைவிடச் சாட்சி வேண்டாம். ஆனால் அதே பருவத்தில் வெஸ்ட் பிராம் கிறிஸ்துமஸ் அன்று பட்டியலில் கடைசியாக இருந்தும், கீழ்ப்பிரிவுக்கு இறங்காமல் பருவத்தின் கடைசி நாளில் தப்பியது. பிரீமியர் லீக்கில் அப்படித் தப்பிய முதல் அணி. அதையும் சேர்த்துச் சொல்லுங்கள்.

2024 மார்ச் 23

மருத்துவராக இருக்கும் ஒரு நண்பர் தனிமடலில் எழுதியதைப் படித்த பிறகு, பிப்ரவரி 25இல் நான் எழுதியதில் ஒரு பாதியை விட்டுவிட்டேன் என்று புரிந்தது. மிலானில் கண்டுபிடித்தது யாரோ ஒரு டாக்டரின் கூர்மை மட்டும் கிடையாது. இத்தாலியில் 1982 முதல், போட்டியில் ஆடுகிற ஒவ்வொருவரும் ஆண்டுதோறும் ஈசிஜியோடு இதயச் சோதனை செய்து சான்றிதழ் வாங்க வேண்டும், சின்னக் கிளப்பில் ஆடும் பையன்களும் சேர்த்து. வெனெட்டோ பகுதியில் அதன்பிறகு இளம் விளையாட்டு வீரர்களின் திடீர் மரணங்கள் கிட்டத்தட்ட 90 சதவீதம் குறைந்தன. எல்லா நாடும் இதைப் பின்பற்ற வேண்டுமா என்பதில் டாக்டர்களுக்குள் சண்டை உண்டு. கோளாறே இல்லாத பிள்ளைகளையும் ஈசிஜி பயமுறுத்தி வீட்டுக்கு அனுப்பிவிடும் என்பது எதிர்த்தரப்பு. அதையும் நான் லேசாக எடுத்துக்கொள்ளவில்லை. கெடுபிடி வேறொரு பக்கமும் வெட்டும். 2021 ஜூனில் கோபன்ஹேகன் மைதானத்தில் இதயம் நின்று விழுந்து பிழைத்த டென்மார்க் வீரர் எரிக்சனும் அயாக்ஸிலிருந்து வளர்ந்தவர், அப்போது இன்டர் வீரர். இதயத்தில் அதிர்வு கொடுக்கும் கருவி பொருத்தியவர்களை இத்தாலியில் ஆடவிட மாட்டார்கள். இன்டரை விட்டு, 2022இல் இங்கிலாந்தில் பிரென்ட்ஃபோர்டில் ஆடத் தொடங்கினார். கானு தப்பித்ததும் அதே கெடுபிடியால்தான், எரிக்சன் ஊரைவிட்டுப் போக நேர்ந்ததும் அதே கெடுபிடியால்தான்.

எனக்கு இதில் உறுத்துவது வேறு. கானு அயாக்ஸிலேயே இருந்திருந்தால்? அல்லது ஓவெரியிலேயே, ஐரோப்பாவுக்கு வராமல் இருந்திருந்தால்? அவருக்கும் அந்தக் கேள்வி வந்திருக்க வேண்டும். 2000இல், அந்தப் பெனால்டியைத் தவறவிட்ட அதே ஆண்டில், கானு ஹார்ட் ஃபவுண்டேஷனைத் தொடங்கினார். திறந்த இதய அறுவை உள்ளூரில் கிடைக்காத பிள்ளைகளை வெளிநாட்டுக்கு அனுப்பி அறுவை செய்ய வைக்கும் அமைப்பு. இந்தியாவுக்கும் பிள்ளைகள் வந்திருக்கிறார்கள். நூற்றுக்கணக்கான பேர். ஒவ்வொருவருக்கும் விமானச் சீட்டு, தாய்க்குத் துணைச் சீட்டு, விசா, ஆஸ்பத்திரிச் செலவு, திரும்பி வந்த பிறகு பார்த்துக்கொள்வது. தங்கைக்கு ஒரே ஊரில் செய்ததற்கே நாங்கள் எத்தனை பேரிடம் கைநீட்டினோம் என்று எனக்குத் தெரியும்.

2014இல் அவருக்கே மறுபடியும் அமெரிக்காவில் இதய அறுவை. ஆடி முடித்த பிறகு.

2024 ஏப்ரல் 6

கேள்வி கேட்டவர் 'வீண்' என்ற சொல்லைத் திரும்பப் பெறுவதாகவும், 'இன்னும் நிறைய கோல் அடித்திருப்பார்' என்பதை மட்டும் வைத்துக்கொள்வதாகவும் எழுதியிருக்கிறார். வைத்துக்கொள்ளுங்கள். ஆர்செனலில் 44 கோல், நைஜீரியாவுக்கு 86 ஆட்டம். எண்ணிக்கை கூடியிருக்கலாம், மறுக்க என்னிடம் ஒன்றுமில்லை. ஒருவேளை அந்த ஐந்து மாதமும், அதற்குப் பிந்தைய பயமும் அவரிடமிருந்து ஏதோ ஒன்றை எடுத்திருக்கலாம். அறுவைக்கப்புறம் தங்கை மாடி ஏறும்போது இப்போதும் நடுவில் ஒருமுறை நிற்பாள். மூச்சு வாங்குவதில்லை. பழக்கம்.

இன்று ஸ்டோர்கீப்பரோடு போனில் பேசினேன். ஓய்வுபெற்று ஓவெரிக்கே போய்விட்டார். கானு போன ஆண்டிலிருந்து அபா நகரின் எனியிம்பா கிளப்புக்குச் சேர்மன், அதைப் பற்றி அரைமணி நேரம் பேசினார். இந்த இழையைப் பற்றிச் சொன்னேன். கானுவின் சிறந்த கோல் எது என்று கேட்கச் சொல்லியிருந்தீர்களே, கேட்டேன். பிரேசில் கோல் என்பார் என்று நினைத்தேன். செல்சி என்றார், மூன்றாவது.

1999 அக்டோபர் 23. நான் அதை மறுநாள் காலேஜ் ஹாஸ்டலில் ஹைலைட்ஸில்தான் பார்த்தேன். ஈர மைதானம், ஆர்செனல் 2-0 பின்தங்கியிருக்கிறது. 75வது நிமிடம் ஒன்று, 83வது நிமிடம் ஒன்று. கடைசி நிமிடத்தில் இடதுபுறம், கோல் கோட்டை ஒட்டிய மூலையில் பந்தைப் பிடிக்கிறார். கோல்கீப்பர் டி கோய் கோலை விட்டு வெளியே ஓடி வருகிறார். கானு நிற்கிறார், அந்த ஒரு நொடித் தாமதம், டி கோய் தப்பான பக்கம் போகிறார். இப்போது கோல் கோட்டுக்கு மேலேயே நிற்கிறார், கோணமே இல்லை, கோலுக்குள் இரண்டு டிஃபெண்டர்கள். அங்கிருந்து வளைத்து, அவர்கள் தலைக்கு மேலே, எதிர்மூலையில்.

"அப்போது அந்த இதயம் எவ்வளவு வேகமாக அடித்திருக்கும் ஓகா," என்றார். அப்புறம், "தங்கை நலமா?" என்று கேட்டார்.